குழாயடியில் நனைந்த ஊதுபத்தி

நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். கௌதமன் அதற்கு முன்பே விழித்துவிடுவான். ஆனாலும் அது அடிக்கும்வரை படுத்திருந்துதான் அணைப்பான். மோட்டார் போடுவான். பல் துலக்குவான். பால் காய்வதற்குள் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடிப்பான். ஒன்று எவர்சில்வர். இன்னொன்று பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதன் மூடியில் ஓட்டை இருப்பதால் பையின் வெளிப்பக்கம் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். பைனாகுலரைத் துடைப்பான். நோட்டு, இரண்டு பேனா. ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டுவான். மலையில் எவர்சில்வர் பாட்டிலில் இருப்பதைத்தான் குடிப்பான். மற்றதை ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவான். பத்து மணிக்கு இ-சேவை மையத்தில் அவன் நாற்காலி.

பதினான்கு மாதமாக இப்படித்தான். எதற்கு இரண்டு பாட்டில் என்று அவன் யோசித்ததில்லை. யுவஸ்ரீ இரண்டு கொண்டுபோவாள். அதனால் இரண்டு.

யுவஸ்ரீ அவன் மனைவி. திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். சென்னையில் விலங்கியல் படித்து, திருத்தணி மலைப்படிக் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சாதாரண நாட்டுக் குரங்குகள். பக்தர்கள் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கும், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதில் என்ன ஆராய்ச்சி என்று கல்யாணத்துக்கு முன் கௌதமன் கேட்டதற்கு, “உங்க வீட்ல தறி ஓட்டறாங்களே, அது பொறக்கும்போதே தெரியுமா, பாத்துக் கத்துக்கிட்டதா?” என்று திருப்பிக் கேட்டாள். பார்த்துக் கற்றதுதான் என்றான். “குரங்கும் அப்படி எதையாவது கத்துக்குதான்னு பாக்கறேன். அவ்ளோதான்.”

போன வருடம் செப்டம்பரில், ஒரு புதன்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாக மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றான். யுவஸ்ரீயின் தாய் அம்சா, மகள் ‘அம்மா’ என்று கூப்பிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் அங்கே இல்லை. கௌதமன் மறுக்கவில்லை. மறுத்து என்ன ஆகப்போகிறது.

பதினாறாம் நாள் முடிந்து, மலையில் அவள் விட்டுவிட்டு வந்த மடக்கு நாற்காலியை எடுத்துவரப் போனான். பாதி மலையில், மண்டபத்துக்குப் பக்கத்தில், காஞ்சனாவின் பூக்கடையில் அது இருந்தது. மூச்சு வாங்கியது. விரித்து உட்கார்ந்தான். அவள் ஆராய்ந்த அந்தக் குரங்கு வித்தையை அன்றைக்குத்தான் முதல்முறை கண்ணால் பார்த்தான்.

மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வேண்டுதல் உள்ளவர்கள் படிக்குப் படி மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவார்கள். சிலர் ஓரத்தில் வாழைப்பழம் வைத்து, அதில் எரியும் ஊதுபத்தியைக் குத்திவிட்டுப் போவார்கள். பழம் குரங்குக்குத் தெரியும், நெருப்பும் தெரியும். புகை அடங்கும்வரை தள்ளி உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும். பொறுமை இல்லாதது பாய்ந்து எடுத்து, சுட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடும். அன்று காது கிழிந்த ஒரு பெண் குரங்கு நிதானமாக இறங்கி வந்தது. பழத்தின் அடியைப் பிடித்து, புகையை முகத்திலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு, மூன்று காலால் நொண்டி நொண்டி மண்டபத்துக் குழாயடிக்குப் போனது. அங்கே தேங்கியிருந்த தண்ணீரில் பழத்தைப் புரட்டியது. சொய்ங் என்றது. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு உரித்துத் தின்றது.

யுவஸ்ரீயின் நோட்டில் இந்தக் குரங்குக்குக் கிழிகாது என்று பெயர். இந்தச் செயலுக்கு ‘நனைத்தல்’ என்று பெயர். ஜூன் இருபத்திரண்டாம் தேதி கிழிகாது முதல்முறை செய்தது. பிறகு அதன் மகள், பிறகு இன்னும் இரண்டு. அவள் சாகும்போது நான்கு. கௌதமன் அன்று நோட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினான். மறுநாளும் போனான். அதற்குப் பிறகு போகாத நாள் இல்லை. நான்கு ஒன்பதாகியிருந்தது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து அம்மா வரலட்சுமி போன் செய்வாள். பின்னால் விசைத்தறி கடகடக்கும். “இன்னாடா, இன்னிக்கும் கொரங்குங்களுக்கு அட்டண்டன்ஸ் எடுத்தியா?” என்பாள். “ஆங், எடுத்தேன்மா.” “ஒண்ணாச்சும் லீவா?” “இல்ல.” “நீதான் சாப்புடறதுக்கு லீவு போடற.” அத்துடன் வைத்துவிடுவாள். மகன் ஏதோ ஒன்றுக்காகக் காலையில் எழுகிறான் என்பது அவளுக்குப் போதும்.

யுவஸ்ரீயின் வழிகாட்டி தேவகி, சென்னையில் பேராசிரியர். கௌதமன் ஒரு மாத நோட்டைப் படமெடுத்து அனுப்பியபோது அவரே கூப்பிட்டார். “யாருங்க இதை எழுதறது?” என்றார். “நான்தான் மேடம். தப்பா இருந்தா நிறுத்திடறேன்.” “நிறுத்தாதீங்க” என்றார். புதிதாகக் கற்ற பழக்கம் என்று ஒன்றைச் சொல்ல என்னவெல்லாம் வேண்டும் என்று அதன்பிறகு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு குரங்கு ஒரு தடவை செய்தால் அது தற்செயல். ஒன்றே பல தடவை செய்தால் அதன் தனிச் சாமர்த்தியம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவை பிறகு செய்து, பார்க்காதவை செய்யாமலிருந்தால்தான் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றது என்று பேச ஆரம்பிக்கலாம். அதனால் செய்தது யார் என்பதோடு, பக்கத்தில் இருந்து பார்த்தது யார் யார் என்பதையும் எழுத வேண்டும். யுவஸ்ரீ அதை முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தாள்.

இருவர் நோட்டையும் கௌதமன்தான் கணினியில் ஏற்றினான். ஆகஸ்டில் கட்டுரை ஓர் ஆய்விதழுக்குப் போனது. முதல் பெயர் யுவஸ்ரீ. நவம்பர் முதல் வாரம், திங்கட்கிழமை, சில கேள்விகளோடு பதில் வந்தது. தேவகி அதை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: மற்றதற்கெல்லாம் நான் பதில் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது கேள்விக்கு மலையில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

மூன்றாவது கேள்வி இது. இந்தப் பழக்கத்தைக் குரங்குகளுக்கு மனிதர்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

கட்டுரையே ‘குரங்கு தானாகக் கண்டுபிடித்தது’ என்று சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த வரி நின்றால் கட்டுரை நிற்கும், அவள் பெயரும் நிற்கும்.

செவ்வாய் காலை காஞ்சனாவின் கடையில் கூட்டம். புதன்கிழமைதான் ஓய்ந்தது. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். அர்ச்சனைத் தட்டு, பூ, ஊதுபத்தி விற்பாள். விடிகாலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை அந்தப் படியை விட்டு நகரமாட்டாள். யாராவது குரங்குக்கு எதையாவது சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

“காஞ்சனாக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“இன்னா நைனா, பரீச்சையா? மூஞ்சிய அப்டி வச்சிக்கினு கீற.”

“பரீச்சைதான். இந்தக் குரங்குங்களுக்கு, ஊதுபத்திய தண்ணியில அணைக்கறதுக்கு, யாராவது கத்துக் குடுத்தாங்களா? நீங்க பாத்திருக்கீங்களா?”

பெரிய ஊசியில் சாமந்தியைக் கோத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“என்னாண்ட வந்து கேக்கறியா? உன் பொண்டாட்டிதானப்பா.”

கௌதமன் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

“தெரியாதா உனுக்கு? நெசமாவா?” காஞ்சனா ஊசியைப் பூப்பந்தில் குத்தி வைத்தாள். “ஒரு குட்டி இருந்துச்சே, பட்டாணின்னு பாப்பா கூப்புடுமே, அதுக்கு ஒருநாளு வாயி வெந்துபோச்சு. ஊதுபத்திய அப்டியே கவ்விடுச்சு. ரெண்டு நாளு பாலு குடிக்காம கத்திக்கினே கெடந்துச்சு. பாப்பா இங்கதான் ஒக்காந்துக்கினு அழுதுச்சு. நாம குறுக்க போவக்கூடாதுக்கா, பாக்கத்தான் செய்யணும், அதான் சட்டம்னுச்சு. நான் சொன்னேன், சட்டத்த எட்டாத எடத்துல வச்சிட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்துடி, கொறஞ்சா போயிடுவன்னு. அடுத்த நாளே ஒரு பாட்டில் எடுத்துனு வந்துடுச்சு.”

“எந்த பாட்டில்?”

“அதோ, உன் பையில கீதே. மூடியில நான்தான் இந்த ஊசியக் காய்ச்சி ஓட்டை போட்டுக் குட்த்தேன். அமுக்கினா பீச்சும். சாமி கும்புட்டுட்டு ஜனங்க மேல போனதும், பாப்பா பின்னாலயே போயி பீச்சி அணைச்சிட்டு வரும். அந்தக் காதறுந்தது ஒண்ணு பாட்டிலயே பாத்துக்கினு ஒக்காந்திருக்கும். நீ பதினாலு மாசமா அத்தத் தூக்கினு வந்துகினு கீற. செண்டிமெண்டுக்கு வச்சினு கீறன்னு நெனைச்சேன். அதான் நான் ஒண்ணும் பேசல.”

கௌதமன் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். மூடியின் நடுவில் சின்ன ஓட்டை. சுற்றிலும் பிளாஸ்டிக் உருகித் தடித்திருந்தது. எலி கடித்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். மூடியை மாற்ற இரண்டு முறை கடையில் தேடியும் இருக்கிறான், அளவு கிடைக்கவில்லை.

“மேடத்துக்குத் தெரிஞ்சா திட்டுவாங்களேன்னு நான்தான் கேட்டேன்” என்றாள் காஞ்சனா. “எழுதி வச்சிக்கினுதான் இருக்கேன்கா, முடிக்கறப்ப நானே சொல்லிடுவேன்னுச்சு. தெனமும் எத்தினி அணைச்சோம்னு எண்ணி எழுதும். நோட்ல இல்லியா?”

இருந்தது. அவன்தான் எடுத்துவிட்டான்.

யுவஸ்ரீ நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டிருந்தாள். தேதி, நேரம், எந்தக் குரங்கு, என்ன செய்தது, யார் பார்த்தது. கடைசியில் குறுகலாக இன்னொரு கட்டம். அதற்குத் தலைப்பு இல்லை. மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு என்று வெறும் எண்கள். இ-சேவை மையத்தில் ஆறு வருடம் உட்கார்ந்தவன் கௌதமன். தலைப்பில்லாத கட்டத்தை எந்த விண்ணப்பமும் ஏற்காது. ஒன்று தலைப்பு எழுத வேண்டும், இல்லை கட்டத்தை எடுத்துவிட வேண்டும். கையே அப்படிப் பழகிவிட்டது. அது அவள் குடித்த டீ என்று முடிவு செய்தான். குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாளைக்கு ஐந்து என்று பார்த்தபோது, இப்போது திட்ட முடியாதே என்று நினைத்துக்கொண்டான். கட்டத்தை நீக்கிவிட்டு அனுப்பினான்.

வழக்கமாகப் படியை எண்ணிக்கொண்டே இறங்குபவன் அன்று எண்ணாமல் இறங்கினான். பையில் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மதியம் மையத்தில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கௌதமன் கணினிக்கு முன் உட்கார்ந்து பதிலைத் தட்டினான். பாதி மலையில் பல வருடமாகக் கடை வைத்திருப்பவரைக் கேட்டேன், அப்படி யாரும் இல்லை என்றார். மூன்றே வரி. படித்துப் பார்த்தான். குறையே தெரியவில்லை. காஞ்சனா ஆய்விதழ் படிக்கப்போவதில்லை. நோட்டு அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தேவகி மேடத்துக்குத் தெரியாது. குரங்கு கண்டுபிடித்தது, யுவஸ்ரீ கண்டாள். கட்டுரை வந்துவிடும்.

அனுப்பும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனான்.

அவளுக்கு மறைக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கவே மாட்டாள். மறைக்க வேண்டும் என்று நினைத்த ஆள் தினமும் எண்ணி எழுதமாட்டாள். அவள் எழுதியதை இந்த உலகத்தில் ஒருவன்தான் அழித்திருக்கிறான். ஒருமுறை தெரியாமல் செய்தான். இப்போது தெரிந்து செய்யப் போகிறான்.

மூன்று வரியையும் நீக்கினான். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்தான். காஞ்சனா சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினான். கட்டத்தை எடுத்தது தன் தவறு, யுவஸ்ரீயின் தவறில்லை என்று கடைசியில் சேர்த்து அனுப்பினான். பிறகு ஒரு பெரியவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான்.

வியாழக்கிழமை முழுக்கத் தேவகியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கௌதமன் மலைக்குப் போய் வந்தான். எழுதினான்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு, அவன் படியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

“கௌதமன், மலையிலயா இருக்கீங்க?”

“ஆமாம் மேடம்.”

“உக்காந்திருக்கீங்களா?”

“உக்காந்துதான் இருக்கேன். மன்னிச்சிடுங்க மேடம். அந்தக் கட்டம்...”

“முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. நேத்து பூரா அந்த எண்களோட உக்காந்திருந்தேன். இவ என்னென்ன எழுதியிருக்கா தெரியுமா? முதல்ல தண்ணி ஊத்தினது ஜூன் மூணு. கிழிகாது முதல்ல நனைச்சது ஜூன் இருபத்திரண்டு. நடுவுல எத்தனை தடவை ஊத்தினா, அப்ப யார் யார் பக்கத்துல இருந்தாங்க, எல்லாம் இருக்கு. ஊத்தும்போது அதிகம் பக்கத்துல இருந்தது கிழிகாதுதான். கத்துக் குடுத்தவங்களே தேதி போட்டு எழுதி வச்ச பதிவை நான் எங்கயும் பாத்ததில்லை.”

“அப்ப, குரங்கு தானா கண்டுபிடிச்சதுன்னு...”

“அந்த வரி போச்சு. எடுத்துட்டேன். ஒரு ஆளைப் பாத்துக் கத்துக்கிச்சுன்னு மாத்தி எழுதிட்டேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அவ கையில பாட்டில் இருந்தது. அதுக்கு ஏது பாட்டில்? பழத்தைத் தூக்கிட்டுக் குழாயடிக்கு நடந்து போச்சே, அதை யார் காட்டிக் குடுத்தா? தண்ணி பட்டா அணையும்ங்கறதை மட்டும் அவகிட்ட எடுத்துக்கிச்சு. மிச்சம் அதோடது.”

கௌதமன் குழாயடியைப் பார்த்தான். யாரோ கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொண்ணு” என்றார் தேவகி. “செப்டம்பருக்கு அப்புறம் அங்க யாரும் தண்ணி ஊத்தலையே? நீங்க ஊத்தினீங்களா?”

“இல்ல மேடம். செடிக்குத்தான் ஊத்தினேன்.”

“பதினாலு மாசமா யாரும் காட்டலை. நாலு ஒன்பதாச்சு. காட்டின ஆள் போன பிறகும் பழக்கம் நிக்குதான்னுதான் நாங்க எல்லாரும் தேடுவோம். பாதிக்கு மேல நிக்காது. இது நிக்குது. அது நிக்குதுன்னு சொல்ல அவ நோட்டும் வேணும், உங்க நோட்டும் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் கட்டுரை இல்லை. நீங்க அனுப்பாம இருந்திருக்கலாம். அனுப்பினீங்க. அதுக்கு, கௌதமன், ரொம்ப நன்றி.”

“கட்டுரை கடைசியில நன்றி சொல்வீங்கல்ல, அதுல காஞ்சனாக்கா பேரையும் போட முடியுமா மேடம்?” என்று கேட்டான்.

“முதல்ல அவங்க பேருதான்.”

போனை வைத்துவிட்டுக் காஞ்சனாவிடம் போய்ச் சொன்னான்.

“என் பேரா? இங்கிலீஷ்லயா?”

“இங்கிலீஷ்லதான்.”

“கொரங்கு புக்குலயா?”

“ஆமாக்கா.”

“எங்கூட்டுக்காரன் இருபத்தஞ்சு வருசமா சொல்லிக்கினு கீறான், நீயும் கொரங்கும் ஒண்ணுதான்னு. இப்ப அச்சடிச்சே குட்க்கப் போறியா?” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பாப்பா பேரு?”

“அதுதான் எல்லாத்துக்கும் மேல.”

“ஆங். அது போதும்.” ஒரு முழம் சாமந்தியை வெட்டி அவன் கையில் வைத்தாள். “வூட்டாண்ட போயி படத்துக்குப் போடு. காய்ஞ்சத மாத்தறியோ இல்லியோ.”

மாற்றுவதில்லைதான். அன்று மாற்றினான். பதினான்கு மாதமாக அவளைப் பற்றிப் பேச அவனிடம் யாரும் புதிதாக எதையும் கொண்டுவந்ததில்லை. எல்லோரும் பழையதைத்தான் சொன்னார்கள். அதுவும் மெதுவாகத் தேய்ந்துகொண்டிருந்தது. காஞ்சனாவிடம் இவ்வளவு நாளும் ஒரு யுவஸ்ரீ இருந்திருக்கிறாள். சட்டத்தை மீறிவிட்டு, அதையும் எண்ணி எழுதிக்கொண்டு, பாட்டிலோடு படியேறியவள். அவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான். பூவைப் போட்டுவிட்டு ஆணியில் படத்தை நேராக மாட்டினான். காஞ்சனாவுக்கு இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்துக் கிருத்திகை வந்தது. விடியும்போதே படியெல்லாம் ஜனம். தோளில் காவடி, மொட்டைத் தலையில் சந்தனம், அரோகரா. ஓரமெல்லாம் வாழைப்பழம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஊதுபத்தி. மண்டபத்துப் பக்கம் புகை மூட்டமாக நின்றது.

கௌதமன் நாற்காலியை விரித்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். இப்போது அவன் கட்டத்திலும் கடைசியில் அந்தக் குறுகிய கட்டம் உண்டு. தலைப்பு எழுதியிருந்தான்: மனிதர் அணைத்தவை. தினமும் அதில் பூஜ்யம் போடுகிறான்.

ஏழரை மணிக்கு ஒரு குட்டி இறங்கி வந்தது. கிழிகாதின் மகளுடைய குட்டி. இந்தப் பிப்ரவரியில் பிறந்தது. யுவஸ்ரீயைப் பார்த்ததே இல்லை. பாட்டிலில் தண்ணீர் பீச்சுவதையும் பார்த்ததில்லை. பழத்தை எடுத்தது. பிடி சரியில்லை, கீழே போட்டது. மறுபடி அடியைப் பிடித்து எடுத்தது. கையை முடிந்தவரை நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, தத்தித் தத்திக் குழாயடிக்குப் போனது. அதன் தாய் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி பழத்தைத் தண்ணீரில் போட்டது. சொய்ங் என்றதும் பயந்து பின்னால் குதித்தது. பிறகு எட்டிப் பார்த்தது. தொட்டது. எடுத்துக்கொண்டது.

“பாத்தியா நைனா?” என்று காஞ்சனா கடையிலிருந்து கத்தினாள்.

“பாத்தேன்க்கா.”

தேதி, நேரம் எழுதினான். பத்தாவது குரங்கு என்று எழுதினான். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டான். தாகமாக இருந்தது, தண்ணீர் எடுக்கப் பைக்குக் கை நீட்டியபோது வெளிப்பக்கம் அந்தப் பழைய பாட்டில் தட்டுப்பட்டது. காலையில் அதையும் விளிம்புவரை நிரப்பியிருந்தான்.

போன வருடம் அவள் சாய்ந்த அந்தப் புதன்கிழமையும் கிருத்திகைதான். அவன் சமையலறையில் எவர்சில்வர் பாட்டிலைப் பிடித்து மூடிவிட்டு, குழாயை நிறுத்தப் போனான். யுவஸ்ரீ முன்னறையில் குனிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே சொன்னாள்.

“அந்தப் பழைய பாட்டில்லயும் ரொப்பிடு கௌதம். இன்னிக்கு கிருத்திகை, நெறைய பேர் வருவாங்க.”